சீடில் புனித ஜைல்ஸ் ஆலயம்: ஒரு பங்குக் கோவில் எழுப்பிய உரிமைக் குரல்

இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில், மேட்டுப் புல்வெளிகளை ஒட்டி அமைந்த சிறிய சந்தை நகரம் சீடில். மான்செஸ்டரை அடுத்து இதே பெயருடைய வேறோர் ஊர் இருப்பதால் இரண்டையும் மயங்குவார் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களும் நாடா நெசவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நகர் மக்களுக்குப் பிழைப்பு அளித்தன. இங்குப் புனித ஜைல்ஸ் பெயரால் இரண்டு ஆலயங்கள் அமைந்துள்ளன. ஒன்று இங்கிலாந்துத் திருச்சபைக்கு உரியது. இடைக்காலம் தொட்டு நிலவிவந்த பழைய பங்குக் கோவிலுக்கு மாற்றாக 1830களின் இறுதியில் புதுக்கிக் கட்டப்பட்டது. மற்றொன்று கத்தோலிக்கர்க்கு உரியது. 1841இல் தொடங்கி 1846இல் நிறைவெய்தியது. சில ஆண்டுகளே இடைவெளியாக, ஒரே ஊரில், ஒரே புனிதரின் பெயரால் இரண்டு ஆலயங்கள் எழுந்தமை தற்செயலன்று. பின்னதைக் கட்டியோர் முன்னதன் பெயரை அறிந்தே எடுத்துக்கொண்டனர். அப்பெயரோடு அவர்கள் எதனைக் கோரினர், அக்கோரிக்கை எந்த அளவுக்கு வரலாற்று உண்மை உடையது என்பனவே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

'பங்கு' என்னும் சொல்லிலிருந்து தொடங்குவது தகும். தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் பங்கு, பங்குத்தந்தை, பங்கு மக்கள் என்பன இன்று இயல்பான சொற்கள். ஆயரால் எல்லை வகுக்கப்பட்டு, ஒரு குருவின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட நிலப்பகுதியே பங்கு. இடைக்கால இங்கிலாந்தில் இச்சொல்லின் பொருள் இதனினும் விரிந்தது. ஊரின் எல்லைக்குள் பிறந்த ஒவ்வொருவரும் அப்பங்கைச் சேர்ந்தவரே. விளைச்சலில் பத்தில் ஒரு பகுதி அப்பங்குக் கோவிலுக்கு உரியது. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் அங்கேயே நிகழும். பதினாறாம் நூற்றாண்டுச் சமய மாற்றத்திற்குப் பின் இவ்வமைப்பு குலையவில்லை. அப்படியே இங்கிலாந்துத் திருச்சபையின் கைக்கு மாறியது. 1534ஆம் ஆண்டுத் தலைமைச் சட்டம் அரசனைத் திருச்சபையின் தலைவனாக்கியது. 1559இல் எலிசபெத் அரசியின் காலத்தில் ஒரே வகை வழிபாடு சட்டத்தால் விதிக்கப்பட்டது. ஞாயிறுதோறும் பங்குக் கோவிலுக்கு வாராதவர் பன்னிரண்டு பென்னி தண்டம் செலுத்த வேண்டும் என்பது விதி. 1581இல் அத்தண்டம் மாதம் ஒன்றுக்கு இருபது பவுனாக உயர்ந்தது. எனவே, திருத்தந்தையின் தலைமையை ஏற்று நின்றவர்க்குப் பங்குக் கோவில் என்பது தம் முன்னோர் கட்டிய இடமாக இருந்தும், தாம் நுழைய மறுத்துத் தண்டம் கட்டிய இடமாக ஆயிற்று.

இந்நிலையில் கத்தோலிக்க வழிபாடு பெரும்பாலும் நிலக்கிழார் மாளிகைகளில் ஒதுங்கியது. குருவைக் காத்து, உணவளித்து, திருப்பலிக்கு ஓர் அறையை ஒதுக்கியவர்கள் இக்குடும்பத்தினரே. சுற்றுப்புறக் குடியானவர்கள் அங்கே கூடினர். ஸ்டஃபோர்ட்ஷயர் இத்தகைய மாளிகைகள் பலவற்றைக் கொண்டிருந்தது. ஆயர் இல்லை, மறைமாவட்டம் இல்லை, பங்கும் இல்லை. திருத்தந்தையின் பதிலாளர்களாக அமர்த்தப்பட்ட ஆயர்கள் 1688 முதல் நான்கு வட்டாரங்களாகவும், 1840 முதல் எட்டு வட்டாரங்களாகவும் நாட்டைப் பிரித்துக் கண்காணித்தனர். ஒவ்வொரு வழிபாட்டு இடமும் 'மறைத்தளம்' என்றே திருச்சபையின் ஏடுகளில் குறிக்கப்பட்டது. சட்டத்தின் கண்ணிலும் திருச்சபை விதியின் கண்ணிலும் கத்தோலிக்கப் பங்குக் கோவில் என ஒன்று அக்கால இங்கிலாந்தில் கிடையாது என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். இதனை விட்டுவிட்டுச் சீடில் ஆலயத்தின் அழகை மட்டும் பேசும் நூல்கள் பல. அவை கட்டடத்தைக் காட்டுகின்றன. அதன் துணிவைக் காட்டத் தவறுகின்றன.

தளர்வு படிப்படியாகவே வந்தது. 1778ஆம் ஆண்டுச் சட்டம் சில தண்டனைகளை நீக்கியது. 1791ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு செய்யப்பட்ட இடங்களில் கத்தோலிக்க வழிபாட்டை அனுமதித்தது. ஆயினும் ஒரு விதிவிலக்கு அதில் இருந்தது. கோபுரமும் மணியும் உடைய கட்டடத்தில் வழிபாடு நடத்தும் குருவுக்கு அச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. வழிபடலாம், ஆனால் கண்ணுக்கும் செவிக்கும் புலனாகக் கூடாது என்பதே இதன் கருத்து. ஆகவே, இச்சட்டத்தின்பின் எழுந்த கத்தோலிக்கச் சிற்றாலயங்கள் வெளித்தோற்றத்தில் வீட்டையோ கூட்ட அரங்கையோ ஒத்திருந்தன. 1829ஆம் ஆண்டு விடுதலைச் சட்டம் கத்தோலிக்கர்க்கு நாடாளுமன்றக் கதவைத் திறந்தது. 1678 முதல் பிரபுக்கள் அவையில் அமர இயலாதிருந்த கத்தோலிக்கப் பிரபுக்கள் மீண்டும் அங்கு இடம்பெற்றனர். எனினும் குருக்கள் வழிபாட்டு உடையுடன் பொதுத்தெருவில் செல்வது அச்சட்டத்தின் கீழும் குற்றமே. கோபுரம் பற்றிய பழைய விதியும் ஏட்டில் நிலைத்தது. 1840களில் எவரும் அதனைக் கொண்டு வழக்குத் தொடுக்க முன்வரவில்லை என்பது வேறு செய்தி.

சீடிலில் கத்தோலிக்க மறைத்தளம் 1820களில் தோன்றியது. சில கல் தொலைவிலுள்ள கிரெஸ்வெல் என்னும் சிற்றூரின் துணைக்குருவாக இருந்த வில்லியம் வேரிங் இதற்கு வித்திட்டவர். இவரே பின்னாளில் நார்த்தாம்டன் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். முதலில் ஒரு தனியார் வீட்டின் அறையில் கூடிய சிறு குழு, நெப்போலியப் போர்க்காலத்தில் ஊர்ப்படையினருக்காகக் கட்டப்பட்ட படைக்கலக் கொட்டிலுக்குப் பின்னர் மாறியது. துப்பாக்கிகள் அடுக்கிய இடத்தில் பலிபீடம் அமைந்தது. கோபுரம் இல்லை, மணி இல்லை. 1791ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்பார்த்த கத்தோலிக்கம் இதுதான்.

இந்நிலையை மாற்றியவர்கள் இருவர். ஒருவர் பதினாறாம் ஷ்ரூஸ்பரி பிரபுவான ஜான் டால்பட் (1791-1852). சீடிலுக்கு அணித்தேயுள்ள ஆல்டன் டவர்ஸ் இவருடைய இருப்பிடம். இன்று அவ்விடம் கேளிக்கைப் பூங்காவாகப் பெயர் பெற்றிருப்பதால், அதன் பழைய உரிமையாளரைப் பலரும் அறியார். தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஆலயங்கள் கட்டுவதில் செலவிட்ட இவர், அக்கால ஆங்கிலக் கத்தோலிக்கர்களின் தலையாய புரவலராக விளங்கினார். மற்றவர் அகஸ்டஸ் வெல்பி பியூஜின் (1812-1852). 1835இல் கத்தோலிக்கத்தைத் தழுவிய இக்கட்டடக் கலைஞர், இடைக்காலக் கோத்திக் பாணி ஒன்றே கிறித்தவத்திற்கு உரியது என்று வாதிட்டார். 1836இல் இவர் வெளியிட்ட 'முரண்கள்' என்னும் நூல், இடைக்கால நகரத்தையும் தம் கால நகரத்தையும் படங்களால் எதிரெதிர் நிறுத்தி, கட்டடச் சீர்கேட்டைச் சமயச் சீர்கேட்டின் விளைவாகவே காட்டியது. சார்லஸ் பாரியுடன் இணைந்து வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்ற மாளிகையின் உள்ளணிகளை வகுத்தவரும் இவரே. பிறர் ஆலயங்களில் பணமின்மையால் தாம் எண்ணியதைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது என்று குறைபட்ட பியூஜின், சீடிலைப் பற்றி மட்டும் அவ்வாறு குறைபட்டதில்லை. தம் துயரங்களுக்கெல்லாம் ஆறுதலாக அதனைச் சுட்டியமை அறியத்தக்கது.

பியூஜினின் நோக்கம் தெளிவானது. முதலாம் எட்வர்டு காலத்து ஆங்கிலப் பங்குக் கோவில் ஒன்றை அதன் எல்லா உறுப்புகளுடனும் மீட்டெடுத்து நிறுத்துவது அது. 1840களின் தொடக்கத்தில் அவர் எழுதிய கட்டுரைகளில் சீடில் இவ்வகைக்கு எடுத்துக்காட்டாக முன்வைக்கப்படுகிறது. இடைக்கால மரபில் எவையெவை இருந்தனவோ அவையெல்லாம் இங்கும் இருந்தாக வேண்டும்: தென்புற நுழைவாயில் மண்டபம், மேலைக் கோபுரம், மக்கள் கூடம், பலிபீடத் தூயகம், இரண்டுக்கும் இடையே சிலுவைத் தடுப்பு, மூடியுடன் கூடிய திருமுழுக்குத் தொட்டி, குருக்கள் மூவர் அமரும் கல்லிருக்கைகள், தூயகத்தின் வடசுவரில் உயிர்ப்புக் கல்லறை மாடம்.

கட்டடத்தை முதலில் காண்போர் கண்ணில் படுவது கூர்ங்கோபுரமே. ஏறத்தாழ இருநூறு அடி உயரம் கொண்ட இது சிறு நகரத்தின் கூரைகளுக்கு மேல் நெடுந்தொலைவிலிருந்து தெரிகிறது. சட்டம் மறைக்கச் சொன்ன ஒன்றை இத்தனை உயரத்தில் நிறுத்தியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கல் உள்ளூர்ச் செம்மணற்கல். ஆல்டனுக்கும் சீடிலுக்கும் இடையிலுள்ள கவுன்ஸ்லோ சுரங்கத்திலிருந்து கொணரப்பட்டது. மேலை வாயிலின் செந்நிறக் கதவுகளில் பின்கால்களில் நிமிர்ந்து நிற்கும் இரு பெரும் பொற்சிங்கங்கள் கதவின் பரப்பு முழுவதையும் அடைத்துள்ளன. இவை டால்பட் குடும்பத்தின் சின்னம். நம் கோயில்களில் கொடையாளியின் பெயரை அடித்தளக் கல்வெட்டு தாங்கும்; இங்கு அப்பணியைச் சிங்கங்கள் செய்கின்றன. ஊர் மக்கள் ஒவ்வொரு ஞாயிறும் பிரபுவின் சின்னத்தைத் தள்ளித் திறந்தே இறைவனிடம் சென்றனர் என்றால் மிகையாகாது.

உள்ளே வண்ணம் தீண்டாத இடம் அரிது. தூண்களிலும் சுவர்களிலும் கூரை மரங்களிலும் செம்மை, நீலம், பொன் ஆகியன கட்டம் கட்டமாகப் பரவியுள்ளன. தொடக்கத் திட்டம் இவ்வளவு செறிவானதன்று. 1844இல் பாரிசில் புதுப்பிக்கப்பட்டுவந்த செயின்ட் சாப்பல் ஆலயத்தைப் பியூஜின் கண்டு மீண்டபின் வண்ணம் பெருகிற்று. செலவும் முதலில் எண்ணியதைப் பன்மடங்கு விஞ்சியது. மக்கள் கூடத்திற்கும் தூயகத்திற்கும் இடைப்பட்ட வளைவின் மேல் இறுதித் தீர்ப்பின் ஓவியம் அமைந்துள்ளது. இடைக்காலப் பங்குக் கோவில்களில் இவ்விடத்தில் இத்தகைய ஓவியம் தீட்டுவது மரபு. சமய மாற்றக் காலத்தில் அவற்றுள் பெரும்பாலானவை சுண்ணாம்பால் மறைக்கப்பட்டன. மறைக்கப்பட்டதை அதே இடத்தில் மீண்டும் தீட்டுவது வெறும் அலங்காரம் ஆகாது.

தரை ஓடுகள் தனியே குறிப்பிடத்தக்கன. ஈரக் களிமண் பலகையில் அச்சால் வடிவத்தை அழுத்தி, அப்பள்ளத்தில் வேறு நிறக் களிமண் குழம்பை ஊற்றிச் சுடுவது இடைக்கால முறை. மேற்பரப்பு தேய்ந்தாலும் வடிவம் அழியாது என்பது இதன் சிறப்பு. மறைந்துபோயிருந்த இத்தொழிலை மீட்பதற்கு 1830இல் சாமுவேல் ரைட் காப்புரிமை பெற்றார். அதனைக் கைக்கொண்டு பல்லாண்டு முயன்று வெற்றி கண்டவர் ஸ்டோக் நகர மட்பாண்டத் தொழிலதிபர் ஹெர்பர்ட் மின்டன். உலோகப் பணிகளைப் பர்மிங்காம் ஜான் ஹார்ட்மன் செய்தார். பொத்தான் செய்து வாழ்ந்த குடும்பத்தில் வந்த இவர், பியூஜினின் தூண்டுதலால் திருப்பலிப் பாத்திரங்களும் விளக்குத் தண்டுகளும் வார்க்கத் தொடங்கினார். வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வில்லியம் வெயில்ஸின் பட்டறையில் உருவாயின. இவற்றுள் ஒரு நகைமுரண் உண்டு. தொழிற்புரட்சியின் நகரங்களைப் பழித்துரைத்த பியூஜின், தம் இடைக்காலத்தைப் படைக்கப் பர்மிங்காமின் உலைகளையும் ஸ்டோக்கின் சூளைகளையுமே நாடினார். அவையின்றிச் சீடில் இல்லை.

சிலுவைத் தடுப்பு இக்கட்டடத்தின் கருத்து மையம் எனலாம். மரத்தால் செதுக்கிப் பொன் பூசிய இத்தடுப்பின் மேல் சிலுவையில் தொங்கும் இயேசுவும் இருமருங்கும் மரியாளும் யோவானும் காணப்படுகின்றனர். மக்கள் இருக்கும் இடத்தையும் மறைபொருள் நிகழும் இடத்தையும் இது பிரிக்கிறது. பிரிவு வேண்டும் என்பது பியூஜினின் கொள்கை. பர்மிங்காம் புனித சாட் ஆலயத்தில் இத்தகைய தடுப்பை வைக்கக் கூடாது என்று நிக்கோலஸ் வைஸ்மன் தடுத்தபோது, பணியிலிருந்து விலகுவேன் என்று அச்சுறுத்தியே பியூஜின் வென்றார். 1851இல் தடுப்புகளைப் பற்றித் தனிநூலே எழுதினார். எதிர்த்தரப்பின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கத்தோலிக்கப் பக்தி, நற்கருணையைக் கண்ணாரக் கண்டு வணங்குவதில் வேரூன்றியிருந்தது. உரோமை நகரிலிருந்து வந்த வழக்கம் அது. பார்க்க விழையும் மக்களுக்கு முன் தடுப்பை நிறுத்துவது எவ்வகையில் தகும் என்பது அவர்கள் வினா. பர்மிங்காமில் வெற்றி பெற்ற அத்தடுப்பு 1967இல் அகற்றப்பட்டது. சீடிலில் அது நிலைத்துள்ளது.

உயிர்ப்புக் கல்லறை மாடம் இதனினும் நுண்ணிய சிக்கலை எழுப்புகிறது. புனித வெள்ளியன்று நற்கருணையையும் சிலுவையையும் கல்லறை போன்ற மாடத்தில் வைத்து, உயிர்ப்பு நாள் விடியலில் வெளியே எடுப்பது பழைய ஆங்கில வழிபாட்டு முறை. சால்ஸ்பரி மறைமாவட்டத்தில் உருவாகிப் பரவியதால் அது 'சாரம்' முறை எனப்பட்டது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கத்தோலிக்கர் பின்பற்றியதோ உரோமை முறை. எனவே, வழக்கில் இல்லாத ஒரு சடங்கிற்காகக் கல்லில் இடம் ஒதுக்கப்பட்டது. ஒரு குருவே பணியாற்றும் மறைத்தளத்தில் மூவர் அமரும் இருக்கைகள் அமைந்ததும் இத்தன்மையதே. கட்டடம் இருக்கின்ற சபைக்காக அன்றி, இருந்த ஒரு சபைக்காகவும், மீண்டும் வரும் என்று பியூஜின் நம்பிய ஒரு சபைக்காகவும் கட்டப்பட்டது. மீட்டெடுப்பு என்று அவர் சொன்னதைப் புதுப்படைப்பு என்று கொள்வதே பொருந்தும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. முதலாம் எட்வர்டு காலத்துச் சீடில் மக்கள் இவ்வாலயத்தைக் கண்டிருந்தால் வியந்திருப்பரேயன்றித் தம்முடையது என இனங்கண்டிரார். எந்தச் சிறு நகரப் பங்கும் இத்தனை பொன்னைக் கண்டதில்லை.

1846 ஆகஸ்டு 31ஆம் நாள் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. மறுநாள், புனித ஜைல்ஸ் திருநாளான செப்டம்பர் முதல் நாளில், ஆயர்கள் பலர் சூழத் திறப்புத் திருப்பலி நிகழ்ந்தது. அதற்குச் சற்று முன்னர், கத்தோலிக்கத்தில் சேர்ந்து ஓராண்டும் நிறையாத ஜான் ஹென்றி நியூமன் அங்கு வந்து, தாம் கண்ட கட்டடங்களுள் மிகச் சிறந்தது இது என்று கடிதத்தில் எழுதினார். நற்கருணைச் சிற்றாலயத்துள் நுழைந்தபோது விண்ணக வாயிலை நினைந்தார். அதே நியூமன் ஓரிரு ஆண்டுகளில் பியூஜினின் கொள்கையோடு முரண்பட்டார். தாம் நிறுவிய ஓரட்டரி சபையின் வழிபாட்டு முறைக்குக் கோத்திக் ஒத்துவராது. பதின்மூன்றாம் நூற்றாண்டிற்குப் பின் தோன்றிய வழிபாட்டு வழக்கங்களுக்கும் கட்டடக்கலை இடமளிக்க வேண்டும் என்றார். அழகு என ஒப்புக்கொண்ட ஒன்றை விதி என ஒப்புக்கொள்ள அவர் மறுத்தார்.

பணத்தைப் பற்றிய வினாவும் தவிர்க்க இயலாதது. இதே காலத்தில் இலண்டன் சதக் பகுதியில் பியூஜின் கட்டிய புனித ஜார்ஜ் ஆலயம் 1848இல் திறக்கப்பட்டது. ஐரிஷ் ஏழைகள் செறிந்த அப்பகுதிக்குப் பெரிய ஆலயம் வேண்டியிருந்தது. பணம் பொதுமக்களிடம் திரட்டப்பட்டது. அதன் கோபுரம் இறுதிவரை முற்றுப்பெறவில்லை. மக்கள் மிகுந்த இடத்தில் குறைக்கோபுரமும், மக்கள் குறைந்த ஊரில் இருநூறு அடிக் கூர்ங்கோபுரமும் நின்றமை புரவலர் மரபின் இயல்பைத் தெளிவாக்கும். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியபின் சீடில் திறக்கப்பட்டது என்பதையும் மறத்தல் இயலாது. ஷ்ரூஸ்பரி பிரபுவைக் கஞ்சனென்றோ ஏழைகளை மறந்தவரென்றோ கூற இடமில்லை. ஆலயத்தையொட்டிப் பள்ளியும் கன்னியர் இல்லமும் எழுந்தன. ஆயினும் எங்கே கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்பதை முடிவு செய்தது சபையன்று. ஒரு மனிதரின் பற்று.

அப்பற்று நெடுநாள் நீடிக்கவில்லை. 1852 செப்டம்பரில் நாற்பது வயதில் பியூஜின் மனநலம் குன்றி இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் பிரபு நேப்பிள்சில் காலமானார். அவருக்குப்பின் பட்டம் பெற்ற பெர்ட்ரம் டால்பட் 1856இல் மணமாகாமலே மறைந்தார். நீண்ட வழக்கிற்குப் பிறகு பட்டம், இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த வேறு கிளைக்குச் சென்றது. கதவில் சிங்கங்கள் எஞ்சின. அவற்றுக்கு உரிய குடும்பம் வேறு சமயப் பிரிவினதாயிற்று. பத்தாண்டுக்குள் புரவலரை இழந்த ஆலயத்தை அதன்பின் தாங்கியோர் சிறு நகரத்துக் கத்தோலிக்கர்களும் அவர்களுடைய குருக்களுமே. இப்பகுதி வரலாற்றாசிரியர்களின் கவனத்தை அரிதாகவே பெற்றுள்ளது. பொன் பூசியவர் பெயர் தெரிகிறது. அதனைத் துடைத்துப் பேணியவர் பெயர் தெரிவதில்லை.

1850இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இங்கிலாந்தில் மறைமாவட்டங்களை மீண்டும் நிறுவியபோது சீடில் பர்மிங்காம் மறைமாவட்டத்தில் அடங்கியது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. 1851இல் கத்தோலிக்க ஆயர்கள் இங்கிலாந்து ஊர்ப்பெயர்களைத் தம் பட்டங்களில் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டமும் வந்து, எவர்மீதும் நடவடிக்கையின்றி 1871இல் நீக்கப்பட்டது. ஆயர்கள் வந்தபின்னும் பங்குகள் வந்துவிடவில்லை. இங்கிலாந்து உரோமையின் மறைபரப்புத் துறையின் கீழ் 1908 வரை இருந்தது. 1917இல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1918இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்நாட்டு மறைத்தளங்கள் பொதுவாகப் பங்குகள் என்னும் தகுதியைப் பெற்றன. பியூஜின் கல்லில் பங்குக் கோவிலைக் கட்டி முடித்த பின்னர், திருச்சபை விதியில் அச்சொல் வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கோபுரமும் மணியும் பற்றிய 1791ஆம் ஆண்டு விதியின் எச்சம் இன்னும் சில ஆண்டுகள் ஏட்டில் கிடந்து, 1926ஆம் ஆண்டு கத்தோலிக்கர் நிவாரணச் சட்டத்தால் ஒழிந்தது. அப்போது சீடிலின் கூர்ங்கோபுரத்திற்கு எண்பது வயது நிறைந்திருந்தது.